ஏழாம் எண் பதில்

பிப்ரவரி 4

அன்புத் தங்கை பொடிசுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம். உன் நலமும், மாப்பிள்ளையின் முதுகு நலமும், மருமகளின் படிப்பு நலமும் அறிய ஆசை.

போனில் சொல்லக் கூடாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் வாக்குவாதம் வந்துவிடுகிறது. தவிர, இதோடு பதினான்கு தாள் அச்செடுத்து வைத்திருக்கிறேன். அதை நீ கையில் பென்சிலோடு படிக்க வேண்டும்.

எங்கள் 'ஏன்' சபையைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். இணையத்தில் கூடித் தத்துவம் பேசுகிற கூட்டம். பேராசிரியர் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. புதிதாக வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்பது என் பொறுப்பு. பல் செட் செய்கிற லேபில் வேலை முடிந்து, வீட்டுக்கு வந்து, நகத்தில் ஒட்டிய பிளாஸ்டரைக் கழுவிவிட்டு உட்கார்ந்தால் ஆறரையிலிருந்து எட்டரை வரை அதுதான். வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது 'புதியவர் பக்கம்'. அதைத்தான் அனுப்பியிருக்கிறேன்.

போன மாதம் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். இன்றைக்குப் பேசிக்கொண்டிருப்பவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் பேராசிரியரின் பழைய மாணவர். "வந்த வேகத்துல போறாங்களே, பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க" என்று பேராசிரியர் சொன்னார். நீ வாஷிங் மெஷினுக்கும் ஹீட்டருக்கும் கையேடு எழுதியே இருபது வருடம் ஓட்டியவள். ஒன்றும் தெரியாத ஆள் எந்த வரியில் தடுக்கி விழுவான் என்று உனக்குத் தெரியும். விழுகிற இடத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பு, போதும்.

வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. கட்டிலை முன் அறைக்கு நகர்த்திவிட்டேன். உள் அறையில் காற்று வருவதில்லை. சமையலும் பெரிதாக இல்லை, ஒரு ஆளுக்கு என்ன.

அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணா,

கடிதமும் தாள்களும் கிடைத்தன. இங்கே நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். இவருக்கு முதுகு இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. தரையில் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை, கட்டிலில் படுத்தால் படுக்கவே முடியவில்லை. உன் மருமகளுக்குப் பரீட்சை. வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. ஆபீசில் ஒரே மாதத்தில் நான்கு புது மெஷின், நான்குக்கும் கையேடு. கண்ணை மூடினால் நீர் வெளியேறும் குழாய்தான் தெரிகிறது.

உன் பக்கத்தைப் பஸ்ஸில் படித்தேன். இரண்டாம் பகுதியில் தூங்கிவிட்டேன். என் நிறுத்தம் தாண்டிப்போய்த் திரும்ப நடந்து வந்தேன். அந்த இடத்தில் முதல் கோடு போட்டிருக்கிறேன், பார்.

மற்ற கோடுகளைப் பற்றி: மூன்று பக்கம் வரையறை சொன்ன பிறகுதான் "நல்வரவு" என்ற வார்த்தை வருகிறது. வீட்டுக்கு வந்தவனை நிற்க வைத்து வீட்டுப் பட்டா படித்துக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. 'அறிவாராய்ச்சியியல்' என்ற சொல் ஒரே பத்தியில் ஐந்து முறை. உன் மருமகள் அதை நாக்கு சுளுக்க வைக்கும் வார்த்தை என்று தோழிகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். இவர் உங்கள் சபைக்கு 'ஏண்டா சபை' என்று பேர் வைத்திருக்கிறார். கோபித்துக்கொள்ளாதே, வலியில் பேசுகிற பேச்சு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பக்கத்தின் முதல் வரி: "ஆறுதல் தேடி இங்கே வராதீர்கள், உணர்ச்சிகளைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டுத் தெளிவு தேடி வாருங்கள்." இதை எழுதிய புண்ணியவான் யார்? எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு வரி எழுதினால் மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் தலையில் போடுவார்கள். அதை அடித்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒழுங்காகச் சாப்பிடு.

பொடிசு


மார்ச் 1

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தை லேபில் உணவு இடைவேளையில் படித்துச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர், "என்ன சார், ரொம்ப நாளாச்சு நீங்க சிரிச்சு" என்றார். மாப்பிள்ளைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

அந்தப் புண்ணியவான் நான்தான். நான்கு வருடத்துக்கு முன் எழுதியது. பேராசிரியர், "இந்த ஒரு வரிக்காகவே உங்களுக்கு ஒரு நாற்காலி போடலாம்" என்று சபையில் பாராட்டினார். உன் அண்ணி கூட அன்றைக்குப் படித்துப் பார்த்து, "நல்லாதான் இருக்கு, ஆனா யாரு வருவா?" என்றாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அது சும்மா எழுதியதில்லை. மாமியார் சண்டை, மேலதிகாரி தொல்லை என்று கொண்டுவந்து கொட்டுவார்கள். நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பன்னிரண்டு ஆயத்தப் பதில்கள் எழுதி எண் போட்டு வைத்திருக்கிறேன். கடவுள் பற்றிக் கேட்டால் இரண்டாம் எண். விதி பற்றிக் கேட்டால் ஐந்தாம் எண். எண்ணைத் தட்டினால் பதில் போய்விடும். லேபிலும் அப்படித்தானே. அச்சு வருகிறது, அதற்குப் பல் அடுக்கி அனுப்புகிறேன். யாருடைய வாய் என்று நான் கேட்பதில்லை. வாய் தெரியும், முகம் தெரியாது.

நல்வரவை மேலே கொண்டுவருகிறேன். வரையறைகளைக் குறைக்கலாம். நான்காம் பகுதியை மட்டும் இன்னொரு முறை படி. 'இருத்தலின் காரணம்' என்று தலைப்புப் போட்ட பகுதி. அதைப் படிக்கிற ஆளுக்கு என்ன தோன்றும் என்று மறைக்காமல் எழுது.

இன்னொரு சின்ன விஷயம். ஒருவருக்கு நீ ஒரு பதில் அனுப்புகிறாய். அவர் திரும்ப "சரிங்க" என்று ஒரே வார்த்தை எழுதுகிறார். அதற்கு என்ன அர்த்தம்? உங்கள் கம்பெனிக்கு எத்தனையோ கடிதம் வருமே, அதனால் கேட்கிறேன்.

அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். இவரை ஒரு வாரம் லீவு போட வைத்துவிட்டேன். வீட்டில் இருந்துகொண்டு நான் பாத்திரம் கழுவுவதில் குற்றம் கண்டுபிடிக்கிறார். முதுகே தேவலை.

நான்காம் பகுதியை மூன்று முறை படித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய், தப்பு ஒன்றும் இல்லை. "இருப்பதற்குக் காரணம் உண்டு என்பது நிரூபிக்கப்படாத முன்முடிவு" என்று தொடங்கி, படிப்படியாக இறங்கி, கடைசியில் "ஆகவே கேள்வி திறந்தே இருக்கிறது" என்று நிறுத்துகிறாய். கெட்டிக்காரத்தனம். ஆனால் எனக்கு ஏதோ மாடிப்படியில் கூட்டிக்கொண்டு போய், மேலே போனதும் விளக்கை அணைத்துவிட்டு நீ இறங்கிப்போன மாதிரி இருந்தது.

எங்கள் ஆபீசில் நான் புதிதாகச் சேர்ந்தபோது மேலாளர் அம்மா ஒன்று சொன்னார். "கையேட்டை யாரும் புது மெஷின் வாங்குன சந்தோஷத்துல படிக்க மாட்டாங்க. தரையெல்லாம் தண்ணி ஓடும்போதுதான் படிப்பாங்க. அப்போ முதல் பக்கத்துல என்ன இருக்கணும்னு யோசிச்சுக்க." அன்றிலிருந்து நான் எழுதுகிற எல்லாக் கையேட்டிலும் முதல் பக்கம் ஒன்றுதான்: சுவிட்சை அணை, குழாயை மூடு, இந்த எண்ணுக்குப் போன் செய். மெஷினின் பெருமை எல்லாம் அப்புறம்.

உங்கள் பக்கத்துக்கும் அதுதான் என்று நினைக்கிறேன். வாழ்க்கைக்குக் காரணம் என்ன என்று, வயிறு நிறைந்து, வேலை நன்றாக நடக்கிற சமயத்தில் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

"சரிங்க" பற்றிக் கேட்டாய். புகார்ப் பிரிவில் இருக்கிற பெண்ணிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "சத்தம் போடறவங்க திரும்ப போன் பண்ணுவாங்கக்கா. சரிங்கன்னு வச்சிட்டவங்க பண்ண மாட்டாங்க. அவங்க நம்மள விட்டுட்டாங்கன்னு அர்த்தம்" என்றாள்.

உன் உடம்பு எப்படி? இருமல் இருந்ததே.

பொடிசு


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணா,

ஐந்து வாரம் ஆயிற்று, பதில் இல்லை. நான்கு முறை போன் செய்தேன். இரண்டு முறை எடுத்தாய். "வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்றாய். அப்புறம் வரவில்லை.

மாடிப்படி, விளக்கு என்று எழுதியது உன்னைக் காயப்படுத்திவிட்டதா? உன் எழுத்தைக் குறை சொல்ல நினைக்கவில்லை. நீ மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதினேன். இவர், "உனக்குத்தான் நாக்குல எண்ணெய் கிடையாதே" என்கிறார்.

உன் மருமகள் பரீட்சை முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறாளாம். இவருக்குக் கொஞ்சம் பரவாயில்லை. ஒரு வரி எழுது. கோபமாக இருந்தாலும் அதையே எழுது.

பொடிசு


மே 2

அன்புத் தங்கைக்கு,

கோபமில்லை. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

முதல் கடிதத்தில் உனக்கு ஒரு பொய் எழுதினேன். பக்கத்தைத் திருத்தச் சொன்னது பேராசிரியர் இல்லை. நானேதான். காரணத்தை இப்போது சொல்கிறேன்.

ஜனவரி இருபத்தொன்றாம் தேதி சபையில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். ஆளாளுக்கு ஒரு புனைபெயர் வைத்துக்கொள்வார்கள். இவர் 'கடைசி பஸ்' என்று வைத்திருந்தார். வந்ததும் ஒரு கேள்வி கேட்டார். அப்படியே எழுதுகிறேன்: "நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாருக்கும் வித்தியாசம் இல்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அப்படியும் இருப்பதற்கு ஏதாவது காரணம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லவும்."

அன்றைக்கு லேபில் பதினொரு பல் செட். கழுத்து நிமிரவில்லை. கேள்வியைப் பார்த்தேன். 'இருத்தலின் காரணம்' என்று மனதில் ஓடியது. ஏழாம் எண்ணைத் தட்டினேன். ஏழாம் எண் பதில் இது: "நல்வரவு. உங்கள் கேள்வி புதிதல்ல. புதியவர் பக்கத்தின் நான்காம் பகுதியைப் படித்து, 'இருத்தல்' என்பதால் நீங்கள் குறிப்பது என்ன என்று வரையறுத்துக்கொண்டு மீண்டும் வாருங்கள்."

நான்கு நிமிடம் கழித்து அவர் எழுதினார்: "சரிங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரவில்லை. நானும் கவனிக்கவில்லை. பிப்ரவரி தொடக்கத்தில் யார் யார் போனார்கள் என்று பட்டியல் எடுத்தபோதுதான் அந்தக் கேள்வியை மறுபடி படித்தேன். முதல் முறையாகப் படித்தேன் என்றே சொல்ல வேண்டும். அவர் வரையறை கேட்கவில்லை, பொடிசு. இருக்கட்டுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

அவர் பதிவு செய்த முகவரிக்கு மூன்று முறை மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை. பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. "வருத்தப்படாதீங்க. நாம ஆஸ்பத்திரி நடத்தல, ஆராய்ச்சி நடத்தறோம். நாற்பது பேர்ல ஒருத்தர் சும்மா கூட அப்படிக் கேட்டிருக்கலாம்" என்றார். இருக்கலாம். லேபில் ஒவ்வொரு அச்சையும் எடுக்கும்போது இது அவருடைய வாயாக இருக்குமோ என்று தோன்றுகிறது. அப்படி இருந்தால் நல்லது என்றும் தோன்றுகிறது. பல் கட்டிக்கொள்ள வந்திருக்கிறார் என்றால் உயிரோடு இருக்கிறார்.

தண்ணீர், தரை என்று நீ எழுதியதைப் படித்த பிறகு பேனா எடுக்க முடியவில்லை. உன்மேல் தப்பில்லை.

அண்ணன்


மே 9

அண்ணா,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். இவர் வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டு அவருக்கும் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை.

உன்மேல் தப்பில்லை என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. தப்பு என்றும் எழுத வரவில்லை. நானாக இருந்தாலும் அந்த எண்ணைத் தட்டியிருப்பேன். களைத்துப்போன ஆளுக்கு எண் தட்டுவது சுலபம். அது மட்டும்தான் எனக்குத் தெரிகிறது.

ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். பதினான்கு தாளுக்குப் பதில் ஒரே தாள். மேலே இப்படி:

"வணக்கம், வாருங்கள். உங்கள் கேள்வி எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். இந்தக் கேள்வி உங்களுக்கு எப்போது வந்தது, எதனால் வந்தது என்று சொன்னால் சேர்ந்து யோசிக்க எங்களுக்கு வசதி. இப்போதே யாரோடாவது பேச வேண்டும் என்று இருந்தால், கீழே இருக்கும் எண்ணில் ஆள் இருக்கிறார்கள்."

அதற்குக் கீழே அந்த மாதிரி நேரத்தில் பேசுகிறவர்களின் போன் எண்ணைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். மெஷின் கையேட்டில் போடுகிற மாதிரிக் கட்டம் கட்டி. வரையறைகளை அடுத்த பக்கத்துக்குத் தள்ளு. வேண்டியவர்கள் தேடிப் படித்துக்கொள்வார்கள்.

சபை ஒத்துக்கொள்ளுமா தெரியாது. கேட்டுப் பார்.

பொடிசு


ஜூன் 16

அன்புத் தங்கைக்கு,

நலமா? மழை தொடங்கியதிலிருந்து மாப்பிள்ளைக்கு வலி கூடியிருக்குமே.

உன் தாளைச் சபையில் வைத்தேன். பத்து நாள் விவாதம் நடந்தது. 'எப்படி இருக்கிறீர்கள்' என்பது தத்துவக் கேள்வியா என்பதற்கே நான்கு நாள் போயிற்று. 'நீங்கள்' என்பது யார், 'இருக்கிறீர்கள்' என்பது என்ன என்று ஒருவர் இரண்டாயிரம் சொல்லில் கட்டுரை எழுதினார். கடைசியில் ஒன்பதுக்கு ஐந்து என்று உன் தாள் தோற்றுப்போயிற்று. போன் எண்ணை மட்டும் அடியில் சின்னதாகப் போட ஒத்துக்கொண்டார்கள். என் முதல் வரியை நானே எடுத்துவிட்டேன். எழுதியவனுக்கு அந்த உரிமை உண்டு என்று பேராசிரியரும் சொல்லிவிட்டார். ஆயத்தப் பதில்கள் பன்னிரண்டையும் அழித்தேன். அதற்கு யாரிடமும் கேட்கவில்லை.

இதையெல்லாம் முதலில் எழுதியது, அடுத்ததை எழுதக் கை வராததால்.

பதிமூன்றாம் தேதி மாலை 'கடைசி பஸ்' என்ற பெயரில் ஒரு செய்தி வந்தது. பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் எழுதியது அவர் இல்லை.

"வணக்கம். இது என் வீட்டுக்காரருடைய கணக்கு. ஜனவரி கடைசியில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தானாகச் செய்துகொண்டதுதான். பிழைத்துவிட்டார். இப்போது வீட்டில் இருக்கிறார், யாரிடமும் பேசுவதில்லை. கேட்டால் தலை ஆட்டுவார். அவருடைய பழைய போனைத் திறந்து பார்த்தபோது உங்கள் பக்கம் இருந்தது. உங்களில் யாராவது அவருக்குப் பழக்கமா? உங்களோடாவது பேசுவாரோ என்று கேட்கிறேன்."

பழக்கமா என்று கேட்கிறாள் அந்த அம்மா. நாங்கள் அவருடைய சிநேகிதர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நடந்ததை உள்ளபடி எழுதினேன். அவர் என்ன கேட்டார், நான் என்ன அனுப்பினேன், எல்லாம். மூன்று நாளாகக் காத்திருந்தேன். இன்று பதில் வந்தது. திட்டவில்லை. "நீங்கள் இருக்கும் ஊர் தூரமா? முடிந்தால் ஒரு தடவை வந்து பாருங்கள். புது ஆள் வந்தால் தலையாவது நிமிர்வார்" என்று எழுதி, முகவரி கொடுத்திருக்கிறாள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

போய் நான் என்ன சொல்ல? நீ கொஞ்சம் எழுதிக் கொடு.

அண்ணன்


ஜூன் 21

அண்ணா,

எழுதிக் கொடுக்க மாட்டேன். எழுதிக் கொடுத்ததைக் கொண்டுபோய் ஒப்பித்தால் அது பதிமூன்றாம் எண் பதில்.

போ. முகச்சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போ. கொஞ்சம் பழம் வாங்கிக்கொள். விளக்கம் எதுவும் சொல்ல ஆரம்பிக்காதே. போய் வந்ததும் எழுது, எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து முழுக்க எழுது.

பொடிசு


ஜூலை 7

பொடிசு,

நேற்று போய் வந்தேன்.

நீளமான ஒரு சந்தின் கடைசி வீடு. முன் அறையில் அந்த அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடைகள், சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு அடுக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்து, பழத்தை வாங்கிக்கொண்டு, "உள்ள இருக்காரு" என்று மட்டும் சொன்னாள். உள் அறையில் ஜன்னல் ஓரம் நாற்காலியில் அவர் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்தான். மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றுகிற வேலை பார்த்தவராம். கைகள் மடியில் கிடந்தன. என்னைவிடச் சின்னவர். நாற்பத்தைந்து இருக்கலாம்.

விளக்கம் சொல்லாதே என்று நீ எழுதியிருந்தாய். ஆனால் உட்கார்ந்ததும் அதுதான் வந்தது.

"உங்க கேள்விக்குப் பதில் போட்டது நான்தாங்க."

"எந்தக் கேள்வி?"

சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அப்ப நாலஞ்சு இடத்துல கேட்டேன். எல்லாரும் ஏதோ ஒண்ணு சொன்னாங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இல்லீங்க" என்றார்.

"படிச்சிட்டு வாங்கன்னு சொன்னேன்."

"படிக்கல."

ஐந்து மாதம், பொடிசு. ஐந்து மாதம் நான் அந்த மனிதரைச் சுமந்துகொண்டிருந்தேன். அவருக்கு நான் யார் என்றே தெரியவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு ஏனோ ஏமாந்துபோன மாதிரி இருந்தது. வெளியே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அவரே கேட்டார். "இதைச் சொல்லவா ரெண்டு மணி நேரம் பஸ்ல வந்தீங்க?"

"ஆமாங்க."

"வீட்ல யாரெல்லாம்?"

"யாரும் இல்ல. வீட்டுக்காரி போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

"பிள்ளைங்க?"

"இல்ல."

அப்போதுதான் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

நலம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டு வருடமாக எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறேன். உனக்கும் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் அது வரவில்லை. "நல்லா இல்லீங்க" என்றேன். அதோடு அழுகை வந்துவிட்டது.

தையல் மெஷின் நின்றது. அந்த அம்மா கதவருகே வந்து நின்றாள். நான் அழுவதைப் பார்க்க வந்தாள் என்று நினைத்தேன். அவள் பார்த்தது அவரை. ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை அவர் பேசி ஐந்து மாதம் ஆகிறது என்று பிறகு வாசலில் சொன்னாள்.

அவர் அவளிடம், "இவரு இருந்துட்டுப் போகட்டும். டீ போடு" என்றார். என்னிடம் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. தத்துவமும் பேசவில்லை. எப்போது தூக்கம் கெட ஆரம்பித்தது என்று கேட்டார், சொன்னேன். அவருக்கு எப்போது என்று நான் கேட்டேன், அவரும் சொன்னார். நாலரை மணி பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு அவரே சந்தின் முனை வரை கூட வந்தார். ஜனவரிக்குப் பிறகு அவர் வாசல் தாண்டியது அதுதான் முதல் தடவையாம். வெள்ளிக்கிழமைகளில் தான் பார்க்கிற மனநல டாக்டரிடம் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். போகலாம் என்று இருக்கிறேன்.

உள் அறையில் காற்று வருவதில்லை என்று உனக்கு எழுதியிருந்தேன். காற்று நன்றாகத்தான் வரும். உன் அண்ணி படுத்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு படுக்க முடியவில்லை, அதனால்தான் கட்டிலை நகர்த்தினேன். அந்தக் கதவைத் திறந்து பல மாதம் ஆகிறது. லேபுக்கும் சபையின் கம்ப்யூட்டர் திரைக்கும் நடுவில் நான் எங்கேயும் நிற்பதில்லை. கடைசி பஸ் கேட்ட கேள்வி எனக்கும் தெரிந்த கேள்விதான். அதனால்தான் அத்தனை அவசரமாக எண்ணைத் தட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

பயப்படாதே. நான் ஒன்றும் செய்துகொள்ளவில்லை, செய்துகொள்ளவும் மாட்டேன். களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். முடிந்தால் ஒரு தடவை வா. திருத்த என்னிடம் தாள் எதுவும் இல்லை. சும்மா வா.

அண்ணன்


ஜூலை 10

அண்ணா,

கடிதம் இன்று மதியம் வந்தது. இதை எழுதும் முன்பே ஆபீசில் லீவு சொல்லிவிட்டேன். போனில் கேட்டால் நீ வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். கட்டில், சமையல், பக்கத்து மேஜைக்காரர் சொன்னது, எல்லாம் எழுதித்தான் இருக்கிறாய். நான் உன் சபைப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி போன பிறகு இரண்டு முறைதான் உன் வீட்டுக்கு வந்தேன். இரண்டு முறையும் அவசரமாகக் கிளம்பினேன், ஏனென்றால் அந்த உள் அறையை எனக்கும் பார்க்க முடியவில்லை. இதை நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை முதல் வண்டியில் வருகிறேன். ஒன்பதே காலுக்கு வந்து சேரும். இவர் தன் முதுகைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். உன் மருமகள் தானும் வருவேன் என்று பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வாரம் இருப்போம். உள் அறையை நீ திறக்க வேண்டாம், மூன்று பேரும் சேர்ந்து திறப்போம். முடியவில்லை என்றால் மூடிவிட்டு அடுத்த நாள் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் நானும் கூட வருகிறேன். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வழி தெரியும். முன் கதவை மட்டும் தாழ் போடாமல் வை. எங்கள் இரண்டு பேர் கையிலும் மூட்டை இருக்கும்.

உன்
பொடிசு